‘எபவுட்’ பிறந்த கதை

‘டிஸ்கஸ் எபவுட்’ என்று எழுதினால் புள்ளி போகும். யாழ்ப்பாணத்துக் கொடிகாமத்தில் பின்னேர ரியூசனுக்குச் சைக்கிள் மிதிக்கிற ஓ.எல். பிள்ளைகள் எல்லாருக்கும் இது தெரியும். ‘டிஸ்கஸ்’ மட்டும் போதும், ‘எபவுட்’ வேண்டாம் என்று ரீச்சர் எத்தனையோ தரம் சொல்லியிருப்பார், சிவப்புப் பேனையால் வெட்டியும் இருப்பார். அடுத்த கட்டுரையில் அது பழைய இடத்திலேயே நிற்கும். பிள்ளை வளர்ந்து சாவகச்சேரிப் பிரதேச செயலகத்துக்குக் கடிதம் எழுதினாலும், ரொறன்ரோவில் வேலைக்கு விண்ணப்பம் போட்டாலும் ‘எபவுட்’ கூடவே போகும்.

அது தனி ஆளும் இல்லை. ‘ரிக்குவெஸ்ட் ஃபோர்’, ‘ரீச் டு’, ‘என்டர் இன்டு’, ‘மெரி வித்’, ‘கொன்டாக்ட் வித்’, ‘ஆன்சர் டு’, ‘எம்ஃபசைஸ் ஒன்’, ‘கொம்ப்ரைஸ் ஒவ்’ என்று பெரிய சுற்றமே அதற்கு உண்டு. எல்லாவற்றிலும் நடப்பது ஒன்றுதான். ஆங்கில வினைச்சொல் தன் செயப்படுபொருளை நேரே எடுத்துக்கொள்ளத் தயாராக நிற்கிறது. நாங்கள் இடையில் ஒரு பிரிப்பொசிசனைக் கொண்டுபோய்ச் செருகுகிறோம். செருகுகிற பழக்கம் எங்கிருந்து வந்தது?

ரியூட்டரியில் கிடைக்கிற விடை எல்லாருக்கும் தெரிந்தது: “தமிழிலை யோசிச்சு இங்கிலிசிலை எழுதாதை பிள்ளை.” குற்றம் தமிழுடையது என்பதுதான் இதன் பொருள். இதில் உண்மை இல்லாமலும் இல்லை. “அதைப் பற்றிக் கதைச்சனாங்கள்” என்கிற வாயிலிருந்து ‘எபவுட்’ வருவதில் வியப்பில்லை. “அவரிட்டைக் கேள்” என்பது ‘ஆஸ்க் ஃப்ரொம் ஹிம்’ ஆகிறது. இதில் சிங்களமும் தமிழுக்குத் துணை. சிங்களவர் ‘அவரிடமிருந்து’ என்ற வேற்றுமையில்தான் கேள்வி கேட்பார்கள். அதனால் ‘ஆஸ்க் ஃப்ரொம்’ கொடிகாமத்தில் மட்டுமல்ல, காலியிலும் கேட்கும். “கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தம்” என்பதில் இருக்கும் ‘கு’ உருபு ‘ரீச்’சுக்குப் பின்னால் ‘டு’வாக மாறி உட்காருகிறது.

ஆனால் ‘மெரி வித்’ எங்கிருந்து வந்தது? தமிழில் “அவரைக் கலியாணம் முடிச்சவ” என்றுதான் சொல்கிறோம். அச்சொட்டான ‘ஐ’ உருபு. தமிழை அப்படியே மொழிபெயர்த்தால் ஆங்கிலம் சரியாக வந்திருக்க வேண்டும். ‘எம்ஃபசைஸ்’சும் அப்படித்தான். “கல்வியின் தேவையை வலியுறுத்தினார்” என்பதில் ‘மேல்’ என்று எதுவும் இல்லை. ஆனாலும் பிள்ளை ‘ஒன்’ போடுகிறது. தமிழ் சரியான வழியைக் காட்டிய இடத்திலும் பிள்ளை பிழையான வழியில் போகிறது என்றால், குற்றம் முழுவதையும் தமிழின் தலையில் போட முடியாது.

தமிழை விடுவிக்க இன்னொரு சாட்சி சைப்பிரஸ் தீவில் இருக்கிறது. ரி. ஜே. ஃபிற்றிகைட்ஸ் என்பவர் நிகோசியாவில் ஆங்கில ஆசிரியர். தன் மாணவர் விடுகிற பிழைகளைத் தொகுத்து 1936இல் ஒரு புத்தகம் போட்டார். ‘கொமன் மிஸ்ரேக்ஸ் இன் இங்கிலிஷ்’ என்ற அந்தச் சின்னப் புத்தகம் உலகம் முழுதும் விற்றது. தேவையில்லாத பிரிப்பொசிசன்களுக்கென்றே அதில் ஒரு பகுதி உண்டு. ஆன்சர், என்டர், ரீச், ரிசெம்பிள், ஒபே என்று பட்டியல் போகிறது. கிரேக்கம் பேசும் பிள்ளைகளுக்காகத் தயாரித்த அந்தப் பட்டியலைக் கொடிகாமத்து வகுப்பில் வைத்தால் ஒரு சொல்லைக்கூட மாற்றத் தேவையில்லை. நிகோசியாப் பிள்ளைகள் தமிழில் யோசித்திருக்க வழியில்லை.

நைஜீரியாவிலும் கென்யாவிலும் மலேசியாவிலும் ‘டிஸ்கஸ் எபவுட்’ உண்டு. வியன்னாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பார்பரா சைட்ல்ஹோஃபர், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் தங்களுக்குள் அதைப் பேசும் விதத்தை ஆராய்ந்தவர். அவர்கள் பேச்சில் அடிக்கடி வரும், ஆனால் விளக்கத்தைக் கெடுக்காத கூறுகளை 2004இல் அவர் ஒரு கட்டுரையில் எடுத்துக்காட்டினார். மேலதிகப் பிரிப்பொசிசன் அவற்றில் ஒன்று. அவர் கொடுத்த உதாரணம் ‘ஸ்ரடி எபவுட்’. அதாவது எங்கள் ‘எபவுட்’டுக்கு ஐரோப்பாவிலும் உறவுக்காரர் இருக்கிறார்கள்.

ஆகவே ஆங்கிலத்துக்குள்ளேதான் தேட வேண்டும்.

1066இல் நோர்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின் பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்துக்குள் கூட்டங்கூட்டமாக வந்தன. அதனால் ஆங்கிலத்தில் ஒரே வேலைக்கு இரண்டு வினைகள் நிற்கின்றன. ஒன்று வீட்டுச் சொல், மற்றது சபைச் சொல். ‘டோக்’ வீட்டுக்கு, ‘டிஸ்கஸ்’ சபைக்கு. ‘ஆஸ்க்’ வீட்டுக்கு, ‘ரிக்குவெஸ்ட்’ சபைக்கு. ‘வெயிட்’டுக்கு ‘அவெயிட்’, ‘கோ’வுக்கு ‘என்டர்’ என்று அது நீளும். வீட்டுச் சொற்களுக்குப் பிரிப்பொசிசன் வேண்டும்: டோக் எபவுட், ஆஸ்க் ஃபோர், வெயிட் ஃபோர், கோ இன்டு. சபைச் சொற்களுக்கு வேண்டாம். பல சபைச் சொற்கள் அதை ஏற்கெனவே விழுங்கி வைத்திருக்கின்றன. ‘அக்கம்பனி’யின் வயிற்றில் ‘உடன்’ என்று பொருள்படும் லத்தீன் ‘கொம்’ கிடக்கிறது. ‘அப்ரோச்’சின் தொடக்கத்தில் ‘நோக்கி’ என்ற ‘அட்’ மறைந்திருக்கிறது. அவற்றுக்குப் பின்னால் நாங்கள் ‘வித்’தும் ‘டு’வும் போடுவது, உண்டு முடித்தவருக்கு இன்னொரு பந்தி வைக்கிற மாதிரி.

பிள்ளை முதலில் படிப்பது வீட்டுச் சொல்லைத்தான். ‘டோக் எபவுட் யுவர் ஃபமிலி’ சின்ன வகுப்பிலேயே வந்துவிடும். ‘டிஸ்கஸ்’ பிறகு மேல்வகுப்பில் வருகிறது. வந்ததும் ஆசிரியர் என்ன சொல்கிறார்? “டிஸ்கஸ் எண்டால் டோக் எபவுட்.” பிள்ளை ‘டோக்’கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ‘டிஸ்கஸ்’சைப் போடுகிறது. ‘எபவுட்’ இருந்த இடத்திலேயே இருந்துவிடுகிறது. ‘கன்சிஸ்ட் ஒவ்’ படித்த பிள்ளை ‘கொம்ப்ரைஸ் ஒவ்’ எழுதுவதும் இந்த வழியில்தான். இந்த ஒரு விளக்கமே சுற்றத்தில் பாதிப் பேரின் பிறப்பைச் சொல்லிவிடும்.

மிச்சப் பாதிக்குத்தான் யாழ்ப்பாணத்துக் கதை வேண்டும்.

அமெரிக்க மிஷனரிகள் 1816இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கியது. 1841இல் ‘உதயதாரகை’ தமிழும் ஆங்கிலமுமாக வந்தது. அதன் முதல் ஆசிரியர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், இருவரும் செமினரியில் படித்த தமிழர்கள். மிஷனுக்கு வேண்டியது சுவிசேஷம், படித்தவர்களுக்கு வேண்டியது உத்தியோகம். 1855இல் செமினரியை மூடியபோது மிஷனின் மனக்குறைகளில் இதுவும் ஒன்று. மூடியும் என்ன, ஆங்கிலத்தின் விலை ஊருக்குத் தெரிந்துவிட்டது. தண்ணீர் குறைந்த மண்ணில் புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் பக்கத்தில் ஆங்கிலமும் ஒரு பணப்பயிர் ஆனது. 1905இல் வடக்கு ரயில் பாதை முழுமையடைந்தது. கொடிகாமத்தில் ஏறினால் கொழும்புக் கந்தோர்வரை போகலாம். மலாயா ரயில்வேயிலும் திறைசேரியிலும் யாழ்ப்பாணத்துக் கிளாக்கர்மார் நிறைந்திருந்தார்கள். அங்கேயிருந்து வந்த காசுதான் இங்கே எத்தனையோ கல்வீடுகளைக் கட்டியது.

இவர்கள் படித்தது பெரும்பாலும் கந்தோர் ஆங்கிலம். பேச்சும் நாடகமும் சண்டையும் உள்ள ஆங்கிலத்தை விட, கோப்பும் கடிதமும் பெட்டிசமும் உள்ள ஆங்கிலம் அவர்களுக்குப் பழக்கமானது. கந்தோர் ஆங்கிலத்தின் குணம் ஒன்று உண்டு. அதில் பெயர்ச்சொற்கள்தான் வேலை செய்யும், வினைகள் ஓய்வெடுக்கும். யாரும் எதையும் ‘கேட்பதில்லை’, ‘கோரிக்கை’ ஒன்று ‘சமர்ப்பிக்கப்படுகிறது’. யாரும் ‘விசாரிப்பதில்லை’, ‘விசாரணை’ ஒன்று ‘நடைபெறுகிறது’. ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கோ பிரிப்பொசிசன் இல்லாமல் முடியாது. ரிக்குவெஸ்ட் ஃபோர், ஆன்சர் டு, எம்ஃபசிஸ் ஒன், கொன்டாக்ட் வித், என்ட்ரி இன்டு, மெரேஜ் வித், டிஸ்கஷன் எபவுட். எல்லாம் சுத்தமான ஆங்கிலம், ஒரு சிவப்புப் பேனையும் கிட்ட வராது.

லீவுக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். மேலே நடுவில், கோடு கீறி, ‘ரிக்குவெஸ்ட் ஃபோர் லீவ்’ என்று தலைப்பு. அங்கே ‘ரிக்குவெஸ்ட்’ பெயர்ச்சொல், ‘ஃபோர்’ வேண்டும். கீழே முதல் வரி: ‘ஐ ரிக்குவெஸ்ட் ஃபோர் லீவ்’. இங்கே ‘ரிக்குவெஸ்ட்’ வினை, ‘ஃபோர்’ வேண்டாம். சரியும் பிழையும் ஒரே தாளில், ஒரு விரற்கடை இடைவெளியில். மேலே படித்ததைக் கீழே எழுதியவரை எப்படிக் குறை சொல்வது? ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே உருவத்தை வைத்துக்கொண்டிருக்கிறது. ‘ரிக்குவெஸ்ட்’, ‘ஆன்சர்’, ‘கொன்டாக்ட்’ எல்லாம் பெயராகவும் வரும், வினையாகவும் வரும்.

சில இடங்களில் ஆங்கில வரலாறும் எங்கள் பக்கம்தான். ‘ரிக்குவெஸ்ட்’ முதலில் பெயர்ச்சொல்லாகத்தான் வந்தது. வினையானது 16ஆம் நூற்றாண்டில். ‘எம்ஃபசிஸ்’ முதலில் வந்தது, ‘எம்ஃபசைஸ்’ 19ஆம் நூற்றாண்டில் அதிலிருந்து செய்யப்பட்டது. ‘ஆளைத் தொடர்புகொள்’ என்ற பொருளில் ‘கொன்டாக்ட்’ வினையானது 1920களில், அமெரிக்காவில். அப்போது மொழிக் காவலர்கள் அதைக் கண்டு முகம் சுளித்தார்கள். இன்றைக்கு எங்கள் ரீச்சர்மார் காக்கிற இலக்கணம் அன்றைக்குப் பிழையாக இருந்திருக்கிறது.

இந்த இடத்தில் தமிழை மறுபடியும் கூப்பிட வேண்டும். பழைய குற்றச்சாட்டுக்காக அல்ல, வேறொரு காரணத்துக்காக. ஆங்கில வினையைத் தமிழுக்குள் எடுக்கும்போது நாங்கள் அதை வினையாக எடுப்பதில்லை. ‘டிஸ்கஸ் பண்ணினம்’, ‘ரிக்குவெஸ்ட் பண்ணினவர்’, ‘கொன்டாக்ட் பண்ணுங்கோ’. காலமும் இடமும் பாலும் காட்டுகிற வேலை முழுவதையும் ‘பண்ணு’ பார்த்துக்கொள்கிறது. ‘டிஸ்கஸ்’ முன்னால் பெயர்ச்சொல் மாதிரிச் சும்மா நிற்கிறது. அப்படி நிற்கும்போது அதற்கு முன்னால் ‘அதைப் பற்றி’ வருவது இயல்பு. சிங்களத்தில் ‘கரனவா’வும் ஹிந்தியில் ‘கர்னா’வும் இதே வேலையைச் செய்கின்றன. பிள்ளை ஆங்கிலம் எழுதும்போது ‘பண்ணு’வை விட்டுவிட்டு ‘டிஸ்கஸ்’சைத் திரும்ப ஆங்கிலத்துக்கே அனுப்புகிறது. போகும்போது அது தமிழில் சம்பாதித்த ‘பற்றி’யையும் கையில் கொண்டுபோகிறது. எங்கள் ‘எபவுட்’டுக்குக் கந்தோர் தகப்பன் என்றால் ‘பண்ணு’தான் தாய் என்பது என் எண்ணம்.

உருபு மயங்குவது தமிழனுக்குப் புதிய செய்தியும் அல்ல. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் அதற்கென்றே ‘வேற்றுமை மயங்கியல்’ என்று ஓர் இயல் இருக்கிறது. அரசனைச் சார்ந்தான் என்றும் சொல்லலாம், அரசன்கண் சார்ந்தான் என்றும் சொல்லலாம் என்கிற வகையில், எந்த வினை எந்த உருபை விட்டு எந்த உருபை எடுக்கலாம் என்று அது நிதானமாகக் கணக்குப் பார்க்கிறது. அந்தச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு 1868இல் பதிப்பித்தவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. வட்டுக்கோட்டைச் செமினரி மாணவர். 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரில் ஒருவர், மற்றவர் கறோல் விசுவநாதபிள்ளை. ஆங்கிலப் பரீட்சை எழுதிய அதே கைதான் ஏட்டில் கிடந்த வேற்றுமை மயக்கத்தை அச்சில் ஏற்றியது. அவருடைய ஆங்கில ஆசிரியர்களில் ஒருவராவது அந்த இயலைப் படித்திருந்தால் சிவப்பு மை கொஞ்சம் மிச்சமாகியிருக்கும்.

ஆங்கிலேயர் வேறு வழியில் போனார்கள். இந்தியர்கள் எழுதும் ஆங்கிலத்தில் மரபுப் பிழை தேடுவதற்கென்றே 1907இல் ஜோர்ஜ் கிளிஃபர்ட் விற்வேர்த் என்ற பம்பாய் அதிகாரி ஒரு முழுப் புத்தகம் எழுதினார். அதற்கு முன்பே நெஸ்ஃபீல்டின் இலக்கண நூல்கள் வந்திருந்தன, 1930களில் ரென் அண்ட் மார்ட்டின் வந்தது. அந்த ரென் வேறு யாருமல்ல, பாலைவனப் படைவீரர் நாவலான ‘போ ஜெஸ்ட்’டை எழுதிய பி. சி. ரென்தான். ஒரு கையால் சாகசக் கதை, மறு கையால் பிழைதிருத்தம். இந்தப் புத்தகங்களில் எந்தச் சொல்லுக்குப் பின்னால் எது வரும் என்ற பட்டியல் கிடைக்கும். ஏன் பிழை வருகிறது என்பதற்குக் காரணம் கிடைப்பது அரிது.

பிறந்த ‘எபவுட்’ எப்படி இவ்வளவு காலம் உயிரோடு இருந்தது என்பது வேறு கேள்வி. அதற்கு விடை பாடசாலைகளின் கதையில் இருக்கிறது. 1940களின் நடுவில் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. கல்வி தாய்மொழிக்கு மாறியது. நல்ல காரியம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஆங்கிலம் எல்லாப் பாடத்திலும் கேட்கிற மொழியாக இருந்தது போய், நாளுக்கு ஒரு பாடவேளைக்குள் அடங்கிற்று. கொடிகாமத்துப் பிள்ளை ஆங்கிலத்தைக் கேட்பது ஆசிரியர் வாயால், ஆசிரியர் கேட்டது அவருடைய ஆசிரியர் வாயால். ‘எபவுட்’ பரம்பரைச் சொத்தாக இறங்கியது. 1990இல் ரயில் நின்றது. போர்க்காலத்தில் எழுதத் தாள் இல்லை, படிக்க மண்ணெண்ணெய் இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் அந்த ஆண்டுகளில் ஆங்கிலம் படிப்பித்த சுரேஷ் கனகராஜா, அந்த வகுப்பறைகளை வைத்து 1999இல் ஒரு புத்தகம் எழுதினார். மாணவர்கள் தங்கள் அமெரிக்கப் பாடநூலின் ஓரங்களில் எழுதிவைத்த குறிப்புகளையும் கீறிய படங்களையும் அதில் அவர் ஆராய்ந்திருக்கிறார். ஆங்கிலத்தைக் கொடுத்தபடி வாங்கிக்கொள்ளாமல் தங்கள் வசதிக்கு வளைத்த பிள்ளைகள் அவர்கள். அந்த வளைப்பைப் பிழை என்று மட்டும் பார்க்கக் கூடாது என்பது அவர் வாதம். 2014இல் ரயில் மறுபடி கொடிகாமம் வழியாக ஓடத் தொடங்கியது. ‘எபவுட்’ அதற்கு முன்னும் பின்னும் இடைவிடாமல் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

கனகராஜாவின் வாதத்தை ஏற்றுக்கொண்டாலும் ஓ.எல். வினாத்தாளுக்கு முன்னால் அது பிள்ளைக்கு உதவாது. அங்கே ‘எபவுட்’ வெட்டுப்படும். ஆகவே படிப்பிக்கத்தான் வேண்டும். பட்டியலைப் பாடமாக்கச் சொல்வதை விட, லீவுக் கடிதத்தைப் பலகையில் எழுதி, “தலைப்பிலை இருக்கிறது பெயர், கீழை இருக்கிறது வினை, வினைக்கு ஒட்டு வேண்டாம்” என்று காட்டினால் பிள்ளைக்குக் காரணம் தெரிந்துவிடும். ‘ஹாட் எ டிஸ்கஷன் எபவுட் இற்’ என்பதையும் ‘டிஸ்கஸ்ட் இற்’ என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே போதும்.

வெட்டுகிறவரும் நிதானமாக வெட்ட வேண்டும். வகுப்புக்குள் போவதற்கு ‘என்டர்’ மட்டும். ஒப்பந்தம் செய்வதற்கு ‘என்டர் இன்டு’தான் சரி. லண்டனில் தீர்ப்புக்கு எதிராக மேன்முறையீடு செய்கிறவர் ‘அப்பீல்’லுக்குப் பின்னால் ‘அகெயின்ஸ்ட்’ போடுவார், நியூயோர்க்கில் அதைப் போடமாட்டார்கள். ‘புரொடெஸ்ட்’டுக்கும் அப்படித்தான். லண்டன்காரர் ‘ரைட் டு மீ’ என்பார், அமெரிக்கர் ‘ரைட் மீ’ என்பார். அதே அமெரிக்கர் கூட்டத்துக்குப் போனால் ‘மீட் வித்’ என்று ஒன்றைக் கூட்டிக்கொள்வார். ரொறன்ரோவில் இருக்கிற மச்சாள் தன் கந்தோரில் நாள்தோறும் எழுதுகிற ‘மீட் வித்’தைக் கொடிகாமத்தில் தம்பி எழுதினால் புள்ளி போகலாம்.

வெட்டு கூடிப்போனால் வேறொன்று பிறக்கிறது. பிரிப்பொசிசன் என்றாலே பயந்த பிள்ளை, வேண்டிய இடத்திலும் அதை விட்டுவிடுகிறது. ‘லிசின் த ரேடியோ’, ‘வெயிட் மீ’, ‘எக்ஸ்பிளெயின் மீ’ என்று எழுதிக்கொண்டு வரும். ரீச்சர் இப்போது அதே சிவப்புப் பேனையால் ‘டு’வையும் ‘ஃபோர்’ஐயும் எழுதிச் செருக வேண்டியிருக்கிறது. இதற்கிடையில் ‘கீப் அப் வித்’தைப் பார்த்துவிட்டு ‘கோப் அப் வித்’ என்று புதிதாக ஒன்று வகுப்புக்குள் வந்திருக்கிறது. அதற்கும் கந்தோர் காரணமா என்றால், இல்லை. கடிதத்தில் இல்லாமல் பேச்சில் பிறந்த பிள்ளை அது.